ரிவெர்ப்பைக் கூட்டினால் உறுமல்

சனியன் பிடித்த ஆம்ப்ளிஃபயர். குரலுக்கு எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் குமிழைப் பூஜ்யத்தில் வைத்தால் பரம சாது. கொஞ்சம் திருப்பினால் போதும், ‘ம்ம்ம்’ என்று உறும ஆரம்பித்துவிடும்.

மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் சனிக்கிழமை மாலைகளில், சாப்பிட வருகிறவர்களுக்காக நான் கிட்டார் வாசிப்பேன், என் மனைவி பாடுவாள். இருவருக்கும் அந்த ஒரே பெட்டிதான். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு மேல் ஸ்தாயியில் அவள் குரல் உடைந்துகொண்டிருந்தது. ரிவெர்ப்பைக் கூட்டினால் அது வெளியே தெரியாது. குரல் தேறிவிட்டதென்று அவள் அவ்வளவு சந்தோஷமாக நம்பினாள். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“இன்னொரு வாட்டி அந்த இரைச்சல் வந்தா, லேப்டாப்ல பாட்டு போட்டுக்கிறேன் சார்” என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

ரிவெர்ப்புக்காகப் பெட்டிக்குள் ஸ்பிரிங் கோத்த ஒரு தகரத் தட்டு இருக்கும். உள்ளேயே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருந்தால் அது உறுமலை இழுத்துக்கொள்ளும். செங்கல்பட்டு வீட்டில் பின்பலகையைக் கழற்றி, தட்டை மறுபக்கம் திருப்பி வைத்தேன். சத்தம் அடங்கியது. குதிக்காத குறை.

ரிசார்ட்டுக்குப் போய் ஸ்விட்சைப் போட்டேன். ‘ம்ம்ம்.’ அடப்பாவி!

அங்கிருந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். “எர்த்து வீக்கா கீது அண்ணாத்த, மணலு காஞ்சிபோச்சி” என்று எர்த் குழியில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினார். உறுமல் அசையவில்லை. “உன் பொட்டிலதான் இன்னாமோ பேஜாரு” என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மேஜைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெட்டியை உதைக்கவா, உட்கார்ந்து அழவா என்றிருந்தது எனக்கு.

அவளே குனிந்து குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். “விடுங்க, எக்கோ இல்லாமலே பாடுறேன். இப்ப என்ன?”

தடுக்கத்தான் நினைத்தேன். என்ன சொல்லித் தடுப்பது?

பாடினாள். மேலே ஏறிய இடத்தில் குரல் கிழிந்தது. கிட்டாரை ஓங்கி அடித்து மூடப் பார்த்தேன், ம்ஹூம். மேஜைகளில் ஒருவரும் தலை நிமிரவில்லை. அவள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு பாட்டை முடித்தாள்.

மேனேஜர் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு வந்தார். “சூப்பர் சார், இரைச்சலே இல்ல. இனிமே இப்டியே வச்சிக்கோங்க.”

அவள் மைக்கை ஆஃப் செய்து என் கையில் கொடுத்தாள்.

“எவ்ளோ நாளா என் குரல் இப்டி இருக்கு?” என்று கேட்டாள்.