பட்டன் அக்கா படிக்கும் பக்கம்

எங்கள் தெருமுனைத் தையல்கடைக்காரியைப் பட்டன் அக்கா என்றால்தான் தெரியும். காலையில் மெஷினுக்கு எண்ணெய் விட்ட கையோடு செய்தித்தாளின் வெளிநாட்டுப் பக்கத்தைப் பிரித்துவிடுவாள். பட்ட பாடு அப்படி. முன்பு ஏதோ ஒரு போரில் கடல்வழி அடைபட்டு, ஜிப் ஏற்றி வந்த கப்பல் பாதியில் நின்றுவிட்டது. அது தெரியாமல் நாற்பது கால்சட்டைகளுக்குத் துணி வெட்டிவிட்டு விழி பிதுங்கி நின்றாள். கடைசியில் நாற்பதுக்கும் பட்டன் வைத்தே தைத்துக் கொடுத்தாள். பெயரும் அன்று ஒட்டிக்கொண்டதுதான். அதிலிருந்து கடல் நிலவரம் பார்க்காமல் கத்திரியைத் தொடுவதில்லை.

போன மாதம் மறுபடியும் போர். வரலாற்று வாத்தியார் கால்சட்டைத் துணியோடு வந்தார்.

"சார், நல்ல ஜிப் வர்ற வழி அடைச்சுக் கிடக்கு. பட்டன் வச்சிடறேன்."

"எங்கயோ அடிச்சுக்கறாங்க, உனக்கென்னம்மா வந்துச்சு? ஜிப்தான் வேணும்."

"மட்டமான சரக்குதான் கைல இருக்கு. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

நேற்று மத்தியானம் வாத்தியார் திரும்ப வந்தார். பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே ஜிப் வாயைப் பிளந்துவிட்டதாம். பள்ளியிலிருந்து கடைவரை, செய்தித்தாளை இடுப்புக்குக் கீழே விரித்துப் பிடித்தபடியே நடந்து வந்திருக்கிறார்.

"பட்டனே வச்சுடும்மா" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. பட்டன் டப்பாவைத் திறந்துகொண்டே கையை நீட்டினாள்.

"வச்சிடலாம் சார். முதல்ல அந்தப் பேப்பரைக் குடுங்க. எங்கயோ அடிச்சுக்கறாங்களாமே, என்ன ஆச்சுன்னு பாத்துடலாம்."