அதிவேக வடிவு

‘மேற்படி சரக்கு வாகனத்தின் ஓட்டுநர், வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் பின்புறம் கவனியாமலும் பின்னோக்கி ஓட்டிவந்து, சாலையோரம் நின்றிருந்த மனுதாரர் மீது மோதிப் பலத்த காயம் ஏற்படுத்திவிட்டு, வாகனத்துடன் தப்பிச் சென்றுவிட்டார்.’

காவல் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு எழுதித் தருகிறவர் வைத்திருக்கும் வாக்கியம் இது. ஊர், பேர், வண்டி எண் ஆகிய மூன்றை மட்டும் மாற்றுவார். லாரி மோதினாலும் இதுதான், மாட்டுவண்டி மோதினாலும் இதுதான். இந்தத் தடவை இது அருணாசலவடிவின் மேல் வந்து விழுந்தது.

அருணாசலவடிவுக்கு நாற்பத்தாறு வயது. ஏரலுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைக் கிராமம். தூத்துக்குடியில் பதினாலு சாப்பாட்டுக் கடைகளுக்கு வாழையிலை போடுகிறாள். குட்டியானை என்று எல்லாரும் சொல்லுகிற சின்னச் சரக்கு வண்டியை அவளேதான் ஓட்டிக்கொண்டு வருவாள். அதிவேகத்தைப் பற்றிச் சொல்வதென்றால், முக்காணிப் பாலத்தில் அவளைச் சைக்கிள்காரர்கள் முந்திப் போவது உண்டு. அதில் ஒருவர் திரும்பிப் பார்த்து, “வண்டி ரிப்பேராக்கா?” என்று அக்கறையோடு விசாரித்திருக்கிறார்.

பின்புறம் கவனியாமை என்பது இன்னும் வேடிக்கை. இலைக்கட்டுகளைக் கேபின் உயரத்துக்கு மேல் அடுக்கிவிட்டால் உள்கண்ணாடியில் தெரிவது வாழையிலை மட்டும்தான். மிச்சம் இருப்பவை பக்கவாட்டுக் கண்ணாடிகள் இரண்டு. அவை காட்டுவது வண்டியின் இரண்டு விலாவை. வண்டியின் முதுகுக்கு நேர் பின்னால் ஒரு ஆள், ஒரு மாடு, ஒரு கல்யாண ஊர்வலமே நின்றாலும் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. இதை அவள் வண்டி வாங்கிய முதல் மாதமே தெரிந்துகொண்டாள். புருஷன் செல்லப்பாண்டி பின்னால் நின்று கையை வீசி வீசிக் கூப்பிட்டான். நம்பி வந்தாள். அவன் கை வீசியது எதிர்ச்சாரியில் போன பழைய சிநேகிதனுக்கு. மின்கம்பம் இன்றைக்கும் கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறது. அன்றிலிருந்து அவள் பின்னால் எடுக்கிற ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள். இடையில் சந்தேகம் வந்தால் மறுபடியும் இறங்குவாள்.

இது ஊருக்குப் பிடிக்கவில்லை. தூத்துக்குடியில் கண்ணாடி என்பது முகம் பார்க்கிற சாமான். பைக் வாங்கினால் முதல் வேலையாகக் கண்ணாடிகளைக் கழற்றிப் பரணில் பத்திரப்படுத்துவார்கள். கார் வைத்திருப்பவர்கள் சந்தில் உரசிவிடும் என்று கண்ணாடிகளை மடக்கிவைத்துக்கொண்டே ஊர் முழுக்கச் சுற்றுவார்கள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், அது அவன் பொறுப்பு. அவளுடைய இடது கண்ணாடியைத் தினம் எவனாவது தன் பக்கம் திருப்பித் தலை வாரிவிட்டுப் போயிருப்பான். காலையில் அதைத் துடைத்துச் சரிசெய்யும்போதெல்லாம், “இந்தச் சீப்புக்காரன் மட்டும் கையில சிக்கட்டும்” என்பாள். எட்டு வருஷமாகச் சிக்கவில்லை.

ஆனால் சீப்புக்காரனைவிடப் பெரிய தொந்தரவு உதவிக்காரர்கள். வண்டி பின்னால் நகரத் தொடங்கினால் போதும், டீ குடித்துக்கொண்டிருப்பவன் கிளாசைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுவான். கேட்காமலே வருவார்கள், ஆளுக்கொரு திசை சொல்வார்கள், இடித்துவிட்டால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். இவர்கள் எல்லாருக்கும் தலைவர், மில்லர்புரத்துச் சந்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பால்துரை அண்ணாச்சி.

அந்தச் சந்து முட்டுச்சந்து. கோடியில் ஒரு மெஸ்ஸின் பின்வாசல். இலை இறக்க வேண்டுமானால் அறுபது அடி பின்னாலேயே வர வேண்டும். சந்துக்குள் எந்த வண்டி வந்தாலும் பால்துரை அண்ணாச்சி கடையை அப்படியே போட்டுவிட்டு வருவார். வண்டியின் பின்கதவுக்கு ஒரு சாண் தள்ளி, நட்டநடுவில் நிற்பார். கை ஆடும். “வரட்டும்… வரட்டும்… லேசா ஒடிச்சு வரட்டும்…” என்று தெருமுனைவரை கேட்கும். இருபது வருஷமாகத் தான் இல்லாவிட்டால் அந்தச் சந்தில் ஒரு வண்டியும் நுழைந்திருக்காது என்பது அவர் எண்ணம். அருணாசலவடிவு வருகிற நேரத்தில் மட்டும் அந்த எண்ணத்துக்கு அடி விழும். அவர் வரட்டும் என்பார், அவள் இறங்கி வந்து நிற்பாள்.

“ஏளா, நான் ஒருத்தன் இங்கன குத்துக்கல்லு மாதிரி நிக்குதேன். என் மேல நம்பிக்கை இல்லியா?”

“உங்க மேல நம்பிக்கை இருக்கு அண்ணாச்சி. நீங்க எங்கன நிக்கியன்னுதான் தெரியல.”

“கண்ணாடியப் பாக்க வேண்டியதுதான?”

“பாத்தேன். அதுல நீங்க இல்ல.”

“கண்ணாடியில நான் இல்லேன்னா பின்ன நான் என்ன பேயா?”

இந்த உரையாடல் வாரத்துக்கு ஆறு நாள் நடக்கும். அவளுக்கு அலுத்துப்போயிற்று. பெரிய மனுஷர், அப்பா வயசு. அங்கிருந்து நகருங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் முடியாது. ஒரு நாள் சாடையாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் மறுநாள் இன்னும் நெருங்கி நின்றார்.

சம்பவம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மாதாந்திர மின்தடை. மெஸ்ஸில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்பவன் பேசினாலே வாயசைவுதான் தெரிகிற சத்தம். பின்வாசல் ஓரத்துச் சாக்கடை அடைத்துக்கொண்டதால் மூடியிருந்த கல்லை மெஸ்காரர்கள் எடுத்துவிட்டு, கம்பு தேட உள்ளே போயிருந்தார்கள். அவள் இறங்கிப் பார்த்தாள், கல் எடுத்திருப்பதையும் பார்த்தாள். ஏறி, கொஞ்சம் பின்னால் வந்தாள். அதற்குள் அண்ணாச்சி வந்து தன் இடத்தில் நின்றுகொண்டார். குரல் காதில் விழவில்லை. கண்ணாடிகளில் அவர் முதலில் கொஞ்சம் தெரிந்தார், அப்புறம் இரண்டிலும் இல்லை. அவள் வண்டியை நிறுத்தினாள்.

அண்ணாச்சிக்கு வண்டி நின்றது தெரிந்தது. ஆனால் அது அவள் வழக்கம்தானே, இவள் எறும்பு மாதிரித்தானே வருவாள். உற்சாகப்படுத்த வேண்டியது தன் கடமை என்று நினைத்தார். கன்றுக்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு, “வரட்டும், பயப்படாத, வரட்டும்” என்று பின்பக்கமாகவே நடந்தார். ஒரு அடி, இரண்டு அடி. மூன்றாவது அடி வைக்க அங்கே தரை இல்லை.

வண்டியின் விலாவோடு ஒட்டி நடந்து அவள் வந்து சேர்ந்தபோது சாக்கடைக்கு மேலே ஒரு தலையும் ஒரு கையும் இருந்தன. கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கூப்பிடுவதற்கா, தூக்கிவிடச் சொல்வதற்கா என்பது அந்த நேரத்தில் தெரியவில்லை. மெஸ் மாஸ்டரும் அவளும் சேர்ந்து தூக்கினார்கள். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. சந்துக்குள் ஆட்டோ வர அவள் வண்டியே தடை. ஆகவே அவரை முன்சீட்டில் உட்காரவைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு அவளே ஓட்டிப்போனாள். வழியில் அவர், “மெதுவாத்தான் போவியோ?” என்று கேட்டார்.

மாவுக்கட்டோடு சந்துக்குத் திரும்பிய பால்துரையிடம் ஆளாளுக்கு என்னாச்சு அண்ணாச்சி என்று கேட்டார்கள். இருபது வருஷம் ஊர் வண்டிகளுக்கெல்லாம் வழி காட்டியவர், பகல் பத்து மணிக்குத் தானே நடந்துபோய்ச் சாக்கடையில் இறங்கினேன் என்று எப்படிச் சொல்வார்? “வண்டி இடிச்சிட்டு” என்றார். ஒரு தடவை சொன்னதைப் பத்துப் பேரிடம் சொல்ல வேண்டி வந்தது. பத்தாவது ஆள் அவருடைய மருமகன். அவன்தான் ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டிப்போனான். வலது கை மாவுக்கட்டில் இருந்ததால், நாற்பது வருஷமாகக் கணக்குப் புத்தகம் எழுதிய மனிதர் மனுவில் இடது பெருவிரல் ரேகை வைத்தார். படித்துப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காவல் நிலையத்திலிருந்து அவளையும் பால்துரையையும் கூப்பிட்டார்கள். ஏட்டு கிருபாநிதி மனுவை வாசித்துவிட்டு அவளையும் வாசலில் நிற்கும் வண்டியையும் பார்த்தார்.

“கேஸாச்சுன்னா லைசென்ஸ் மூணு மாசமாவது முடங்கும்மா. யோசிச்சுக்கோ.”

மூன்று நாள் முடங்கினாலே பதினாலு கடைக்கும் வேறு ஆள் இலை போட ஆரம்பித்துவிடுவான் என்பது அவளுக்குத் தெரியும். இன்றைக்கு அறுத்த இலை நாளை மறுநாள் மாட்டுக்குத்தான். கூட வந்த செல்லப்பாண்டிக்கு இதெல்லாம் தெரிந்தும், “தப்புன்னு ஒத்துக்கிட்டு ஒரு கையெழுத்தப் போட்டுட்டு வாளா. பெரியவரு. சின்ன அபராதத்தோட போயிரும்” என்றான்.

“நீங்க சும்மா இருங்க. மின்கம்பத்துக்கே இன்னும் பதில் சொல்லல.”



ஏட்டு மனுதாரரிடம் திரும்பினார். “அண்ணாச்சி, தப்பிச்சுப் போயிட்டான்னு போட்டிருக்கு. எங்க தப்பிச்சுப் போனா?”

“ஆஸ்பத்திரிக்கு.”

“யாரோட?”

பால்துரை மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டு, “என்னோட” என்றார்.

ஏட்டு மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இடத்தைப் பார்க்கக் கிளம்பினார். சந்தில் அவள் வண்டியை அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். அன்றைக்குப் போலவே இலை ஏற்றியிருந்தது. சாக்கடையில் கல் திரும்பவும் வைக்கப்பட்டிருந்தது. மெஸ்காரர்கள் அது எப்போதுமே அங்கேதான் இருந்தது போல நின்றார்கள். அவள் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

“அண்ணாச்சி, நீங்க இங்கன ஏறி உக்காருங்க. நீங்க நின்ன இடத்துல நான் போய் நிக்கேன்.”

“எதுக்கு? எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.”

“ஓட்ட வேண்டாம். பாத்தாப் போதும்.”

ஏட்டு தலையாட்டினார். பால்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒற்றைக் கையால் பிடித்து ஏறி உட்கார்ந்தார். வலது கண்ணாடியைப் பார்த்தார். மெஸ் சுவர். இடது கண்ணாடியைப் பார்த்தார். எதிர்ச்சுவர். உள்கண்ணாடியில் வாழையிலை.

“ஏளா, எங்கன நிக்க?”

“நீங்க நின்ன இடத்துலதான்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “ரெண்டு கையையும் ஆட்டுதேன் பாருங்க. வரட்டும், வரட்டும்.”

அவர் குனிந்தார், நிமிர்ந்தார், கழுத்தை வெளியே நீட்டினார். ஒன்றும் இல்லை. அவள் மெதுவாக வலப்பக்கம் நகர்ந்து வந்தாள். ஓரிடத்தில் அவள் முகம் கண்ணாடியில் சட்டென்று முழுசாக வந்தது.

“இப்பத் தெரியுதா?”

“தெரியுது.”

“இங்கேருந்து எனக்கும் உங்க மூஞ்சி கண்ணாடியில தெரியுது. ஓட்டுதவன் மூஞ்சி உங்களுக்குத் தெரியலேன்னா அவனுக்கு உங்களையும் தெரியாது. அவ்வளவுதான் அண்ணாச்சி இதுல உள்ளது.”

அவர் இறங்கவில்லை. கண்ணாடியைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு, அங்கே நின்ற ஒருவரையும் பார்க்காமல் கேட்டார்:

“அப்போ இருவது வருசமா உப்பு லாரிக்காரன், சிலிண்டர் வண்டிக்காரன், ஒருத்தனும் என்னையப் பாக்கலியா?”

அவளுக்கு அத்தனை எரிச்சலுக்கு நடுவிலும் பாவமாகத்தான் இருந்தது. கை ஒடிந்ததைவிட இதுதான் மனிதருக்கு வலிக்கிறது என்று புரிந்தது.

“அன்னைக்கு நான் வரட்டும்னு கூப்பிடயில நீ சீட்டுல இருந்தியா?”

“இல்ல அண்ணாச்சி. எறங்கிட்டேன்.”

“பின்ன யாரளா கூப்பிட்டேன்?”

“யாரையும் இல்ல.”

மெஸ் மாஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டார். பால்துரை இறங்கி ஏட்டின் முன்னால் வந்து நின்றார். “நானாத்தான் விழுந்தேன். வண்டி இடிக்கல. இவ மேல கேஸு வேண்டாம்” என்றார். சந்தே கேட்டது. அவர் குரல் எப்போதும் தெருமுனைவரை கேட்கிற குரல்.

இத்தோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். நிலையத்தில் ஏட்டு ஒரு தாளை நீட்டினார். ‘இரு தரப்பினருக்கும் இடையே ஏற்பட்ட தவறான புரிதலால் மேற்படி மனு கொடுக்கப்பட்டதாலும், தற்போது இரு தரப்பினரும் சமரசமாகிவிட்டதாலும்’ என்று தொடங்கியது. ஜெராக்ஸ் கடை வாக்கியத்தின் தம்பி.

“எனக்கு ஒரு தவறான புரிதலும் ஏற்படல ஏட்டய்யா.”

“எல்லாரும் இதுலதாம்மா கையெழுத்துப் போடுதாங்க.”

“நானும் அவரும் சண்டையே போடல. என்னத்துக்குச் சமரசம்?”

செல்லப்பாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான். பால்துரை பெஞ்சில் உட்கார்ந்தபடி, “ஏளா, பசிக்கி. போட்டுட்டு வா” என்றார். ஏட்டுக்கும் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. இறங்காமல் ஒரு அடியும் நகராத பொம்பிளை இவள் என்பதைச் சந்திலேயே பார்த்துவிட்டதால், அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

“அப்போ நடந்ததை நீயே எழுதிக் குடு.”

அவள் பேனா வாங்கி, மேசை ஓரத்தில் நின்றுகொண்டே எழுதினாள்:

‘செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி இரண்டு கண்ணாடியிலும் தெரியவில்லை. வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். அண்ணாச்சி சாக்கடையில் இருந்தார். தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பிறகு மீதிக் கடைகளுக்கு இலை போட்டேன்.’