முன்னால் நின்று பார்த்தவள்

யோகண்ணை போய்விட்டார் என்று அன்ரன் தொலைபேசியில் சொன்னபோது நான் குரோருட்டில் ஒரு நோர்வேஜியக் கிழவிக்குப் பாணில் சீஸ் வைத்துக்கொண்டு நின்றேன். தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிப்பது என் வேலை. அன்ரன் எங்கள் கிரிக்கெட் அணியின் தொடக்க ஆட்டக்காரர், மன்னார்க்காரர், சாதாரணமாகக் கதைத்தாலே சண்டை பிடிக்கிறார் என்று பக்கத்து வீட்டார் நினைப்பார்கள். அன்று அவருக்குக் குரலே வரவில்லை. "விடியக்காலமை மாரடைப்பு. வீட்டிலைதான்" என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். "அதெப்படிப் போவார்? எனக்கு அவர் ஒரு மறுமொழி சொல்லவேணும்!" என்று தமிழில் கத்திவிட்டேன். கிழவி பயந்துபோய் யார் செத்தது என்று கேட்டாள். எங்கள் அணித் தலைவர் என்றேன். உதைபந்தாட்டமா என்றாள். இல்லை, கிரிக்கெட் என்றேன். அது என்ன என்று கேட்டாள். அழுதுகொண்டு கிரிக்கெட்டுக்கு விளக்கம் சொன்ன ஆள் இந்த ஒஸ்லோவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவளும் பாவம், கடைசிவரை கேட்டுவிட்டு, "நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும்" என்றாள்.

நல்ல மனிதர்தான். அதைவிடக் கரைச்சலான மனிதர். இதை வாசிக்கிற பலருக்கு அவரைத் தெரியும்; தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யோகநாதன், எங்கள் எல்லோருக்கும் யோகண்ணை. ட்வெய்ட்டாவில் ஐந்தாம் மாடியில் தன் மனிசி ராணியக்காவுடன் இருந்தார். வாரநாட்களில் பேருந்து ஓட்டுவார். கோடை ஞாயிறுகளில் எங்கள் அணியின் விக்கெட் காப்பாளர், தலைவர், விரிப்புச் சுருட்டுபவர், சண்டை விலக்குபவர் எல்லாம் அவர்தான். எண்பதுகளில் நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் குளிரில் ஒரு விரலின் நுனி மரத்துப்போனது. அந்த விரலில் பந்து பட்டால் மட்டும் நோகாது என்று அதையே முன்னுக்குக் கொடுத்துப் பந்து பிடிப்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மைதானத்துக்குப் புதிதாக யாரும் வந்தால், ஊர், பேர், வேலை எதுவும் கேட்கமாட்டார். ஆடுகள விரிப்பின் ஒரு முனையை அவர்களின் கையில் கொடுத்துவிட்டு, "முதல் மட்டை என்ன?" என்று கேட்பார். விரிப்பு முழுதாக விரிபடுவதற்குள் கதை சொல்லி முடிக்க வேண்டும். சொல்லாதவருக்கு அன்று ஆட்டம் இல்லை. "முதல் மட்டை கையை விட்டுப் போகாது" என்பது அவருடைய பேச்சு. அதை வைத்து ஆளை எடைபோடுவார்.

சும்மா வாய்ப்பேச்சு என்று நினைக்காதீர்கள். அன்ரனின் முதல் மட்டை மீன்பெட்டிப் பலகை. ஒரு பக்கத்தில் ஆணி நீட்டிக்கொண்டு நின்றதாம். அந்தப் பக்கம் பட்டால் ரெனிஸ் பந்து செத்துப்போகும், பந்துச் சொந்தக்காரன் அடிக்க வருவான். இன்றைக்கும் அன்ரன் ஆறடி உயரத்தை வைத்துக்கொண்டு பந்தைப் பூனைக்குட்டி மாதிரித் தடவித்தான் விடுவார். "அடிச்சு விளையாடடா, ஆணி இல்லை!" என்று யோகண்ணை ஸ்டம்புக்குப் பின்னால் பழகும்போதெல்லாம் கத்துவார். மதுரையிலிருந்து கணினி வேலைக்கு வந்த கார்த்திக்கின் கதை வேறு. "எக்ஸாம் பேடுதான் சார். கிளாஸ்ல, பேப்பர் பால். கிளிப் பக்கம் புடிச்சா விரல் போயிடும்" என்றான். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். யோகண்ணை சிரிக்கவில்லை. "அப்ப இவருக்கு மணிக்கட்டு நல்லாத் திரும்பும். மூண்டாவதா இறக்குவம்" என்றார். பிறகு, "தம்பி, சார் எண்டு கூப்பிட்டால் நான் திரும்பிப் பாக்கமாட்டன்" என்றும் சொன்னார். கார்த்திக் அதற்குப் பிறகு "அண்ணே" என்று கூப்பிட்டான். அந்த வருடம் அதிக ஓட்டம் எடுத்தவன் அவன்தான்.

உங்கள் முதல் மட்டை என்ன என்று யாரும் அவரைத் திருப்பிக் கேட்டால் வாயில் வந்ததைச் சொல்வார். ஒருமுறை தேர்ச் சில்லுக்கு முட்டுக்கொடுக்கிற கட்டை என்றார், இன்னொருமுறை பாதிரியார் வீட்டு யன்னல் பலகை என்றார். பொய் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் எங்களுக்குத் தெரியும் என்று தெரியும்.

நான் எப்படி அங்கே போனேன்? என் மனிசன் சேகர் விளையாடப் போவார், நான் தேநீர்ப் போத்தலோடு பின்னால் போவேன். எல்லையில் போர்வையைப் போட்டுவிட்டு இருந்து அலுத்துப்போவேன். ஒரு ஞாயிறு பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. எறிந்திருக்கலாம். எனக்கு என்ன பிடித்ததோ, எழும்பி ரெண்டடி வைத்து, கையைச் சுழற்றிப் போட்டுவிட்டேன். பந்து குத்தி, உள்ளே திரும்பி, யோகண்ணையின் கையுறைக்குள் போனது. மனுசன் ஆட்டத்தை நிற்பாட்டிவிட்டு என்னிடம் நடந்து வந்தார்.

"ஆர் பழக்கினது?"

"ஒருத்தரும் பழக்கேல்லை. ரெண்டு அண்ணன்மார். அவை அடிக்க நான் போட்டனான். பள்ளிக்கூடத்தால வந்தால் இருட்டுற வரைக்கும் அதுதான் வேலை."

"அப்ப உம்மட முதல் மட்டை?"

"எனக்கெங்கை மட்டை? மட்டை அவையிட்டை. பந்து பொறுக்கிறதும் போடுறதும் நான்."

எங்கள் பக்கத்தில் பிறந்த பெண்களுக்கு இது புதுக்கதை இல்லை. பந்து போடத் தங்கச்சி வேண்டும், அடிக்கத் தங்கச்சி வேண்டாம். நான் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். யோகண்ணை ஸ்டம்புக்குப் பின்னால் திரும்பிப் போய்விட்டார். அவரிடம் முதல் மட்டைக் கதை சொல்லாமல் தப்பிய ஆள் நான் ஒருத்திதான். அடுத்த ஞாயிறு போட்டி. அணிக்கு ஆள் வாசிக்கும்போது கடைசியாக என் பேரை வாசித்தார்.

அதற்குப் பிறகு நடந்த சண்டையை விட்டுவிடுகிறேன். "பொம்பிளையை இறக்கினால் சனம் என்ன கதைக்கும்?" என்று ஒருவர் கேட்டார். "சனம் கதைக்கத்தான் செய்யும், அவள் பந்து போடட்டும்" என்று யோகண்ணை சொன்னார். நடுவரைப் போய்க் கேட்டார்கள். அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். சேகருக்கும் அன்று முகம் சரியில்லைதான். நான் ரெண்டு விக்கெட் எடுத்த பிறகு சரியாகிவிட்டது.

ஆனால் நான் சொல்லவந்தது பந்து போட்ட கதை இல்லை. கடைசி ஆளாக மட்டை பிடிக்கப் போன கதை. யோகண்ணை தன்னுடைய மட்டையை என் கையில் தந்தார். அதுதான் என் வாழ்க்கையில் நான் பிடித்த முதல் மட்டை. வயது முப்பத்தொன்று. போய் நின்றேன். நின்றதும் எங்கள் ஆட்கள் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம். எதிரணிக்காரர் களத்தை மாற்றத் தொடங்கினார்கள். கார்த்திக், "அக்கா, நீங்க லெஃப்ட்டா?" என்று கத்தினான். எனக்கு விளங்கவில்லை. நான் சோறு தின்பது, எழுதுவது, பந்து போடுவது எல்லாம் வலக்கையால். ஆனால் இடக்கைக்காரர் நிற்பதுபோல மாறி நிற்கிறேன்! அண்ணன்மார் நின்ற மாதிரித்தான் நிற்கிறேன் என்றுதான் நான் நினைத்தேன்.

யோகண்ணை எல்லையிலிருந்து நடுக் களம் வரைக்கும் நடந்து வந்தார். என்னைப் பார்த்தார், திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். "ஏன் சிரிக்கிறியள்? அவள் முன்னால நிண்டு பாத்தவள். பந்து போடுற இடத்தில நிண்டு பாத்தால் இப்பிடித்தான் தெரியும். கண்ணாடியில பாத்துத் தலை இழுக்கிற மாதிரி" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. அவர் குரல் அப்படி இருந்தது. பிறகு என்னிடம் மெதுவாக, "மாத்தாதேயும். இப்பிடியே நில்லும்" என்றார். நான் ரெண்டாவது பந்திலேயே ஸ்டம்பைப் பறிகொடுத்துவிட்டு வந்தேன், அது வேறு விஷயம். இன்றைக்கும் நான் இடக்கை ஆட்டக்காரிதான்.

அன்றிலிருந்து ஆறேழு வருடம் அந்த அணியில் பந்து போட்டேன். பனிக்காலத்தில் குரோருட் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் பழகினோம். அவ்வளவு காலத்திலும் அந்த மனுசன் என்னை ஒருநாள், ஒரேயொரு நாள், நல்லாப் போட்டீர் என்று சொன்னதில்லை. லில்லெஸ்ட்ரோம் பக்கத்தில் நடந்த ஒரு போட்டியில் கடைசி மூன்று பேரையும் நானே வெளியேற்றினேன். எல்லோரும் என்னைத் தூக்காத குறை. அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டு, "பிழையில்லை" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ராணியக்காவிடம் போய் முறையிட்டேன். "எனக்கே கலியாணம் கட்டின நாளிலிருந்து கறி பிழையில்லை எண்டுதான் சொல்லுறார்" என்று அவ சொன்னா.

போன இலையுதிர் காலத்தில் அவருக்கு முதல் தடவை நெஞ்சு நோ வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வேலை முடிந்து பார்க்கப் போனேன். வேறு ஒருவரும் இல்லை. தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன். "இப்பவாவது உண்மையைச் சொல்லுங்கோ, உங்கட முதல் மட்டை என்ன?" என்று பகிடியாகத்தான் கேட்டேன். அவர் பகிடி விடவில்லை.

"உண்மையான மட்டை, ஜெயா. கடையில வாங்கினது. அப்பா கொழும்பால கொண்டுவந்து தந்தவர். தங்கச்சி வசந்தி பந்து போடுவாள். ஒவ்வொரு நாளும் போடுவாள். எனக்கும் ஒருக்காத் தா அண்ணா எண்டு கேட்டவள். பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு மட்டை எண்டு சொன்னனான். ஒருக்காக்கூடக் குடுக்கேல்லை. இப்ப அவள் கனடாவில பேரப்பிள்ளை கண்டிட்டாள். நீர் அண்டைக்கு மாறி நிண்டபோது எனக்கு அவள்தான் வந்து நிண்ட மாதிரி இருந்தது. அவளும் இப்பிடித்தான் நிண்டிருப்பாள்."

வேறு யாராவது என்றால் கண் கலங்கியிருப்பார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை வருடம் நான் என் பந்தால் அந்த அணிக்குள் வந்தேன் என்று தலை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவள். வேலைத்தலத்தில், சொந்தக்காரர் முன்னால், என் பிள்ளைகள் முன்னால் எனக்கென்று இருந்த ஒரேயொரு பெருமை அது. அது இவருடைய தங்கச்சிக்குச் செய்யாததற்கு எனக்குச் செய்த பரிகாரமா?

"அப்ப பாவம் பாத்தோ என்னை ரீமில வைச்சிருந்தனீங்கள்?" என்று நேரே கேட்டுவிட்டேன்.

அவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துத் தாதி வந்து இரத்த அழுத்தம் பார்க்கத் தொடங்கினாள், என்னை வெளியே போகச் சொன்னாள். அவர் கையைத் தூக்கி, "பிறகு கதைப்பம்" என்றார். வீட்டுக்கு வந்துவிட்டார், நல்லாத்தான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு வேலை நேரம் மாறிமாறி வந்தது. போகலாம், போகலாம் என்று இருக்கும்போதுதான் அன்ரனின் தொலைபேசி வந்தது.

செத்தவீட்டுக்கு வசந்தியக்கா கனடாவிலிருந்து வந்தா. எல்லாம் முடிந்து ட்வெய்ட்டா வீட்டில் கோப்பியோடு இருந்தபோது, அண்ணனின் அதே மூக்கோடு ஒரு சின்ன மனுசி நேரே என்னிடம் வந்தா.

"ஜெயா எண்டது நீரோ? எழும்பும், உம்மைத்தான் தேடினனான்."

அவ முகத்தில் இருந்த கோபத்தைப் பார்த்து நான் எழும்பிவிட்டேன். மனதில் இருந்ததை முந்திக்கொண்டு கொட்டினேன். அண்ணை உங்களுக்கு மட்டை தராததை நினைத்து வருந்தினவர், அதனால்தான் என்னை எடுத்தவர் என்று சொன்னேன்.

"மட்டையோ?" என்று வசந்தியக்கா கேட்டா. "அந்த விசரன் இன்னும் அதையோ நினைச்சுக்கொண்டிருந்தவன்? ஒருக்காக் கேட்டிருப்பன். அவன் குடுக்காதது எவ்வளவு நல்லம். மட்டை என்ர கையில இருந்தால் அவனை ஆர் அவுட் ஆக்கிறது? நாளுக்கு நாலு தரம் அவுட் ஆக்குவன். கோவிச்சுக்கொண்டு சாப்பிடாமல் படுப்பான். எனக்கு அதைவிட வேற என்ன வேணும்?"

சிரித்தா. சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாகிவிட்டது. என் கையை இறுக்கிப் பிடித்தா.

"ஆனால் உம்மை நான் மன்னிக்கமாட்டன் பாரும். கோடை வந்தால் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ரெலிபோன் எடுப்பான். சுகம் கேட்கமுதல் உம்மட கதைதான். இஞ்சை ஒருத்தி இருக்கிறாள் வசந்தி, உன்னைவிட நல்லாப் போடுறாள், நான் பின்னால நிண்டும் பந்து எங்கால திரும்புமெண்டு தெரியேல்லை எண்டு சொல்லுவான். என்னைவிட நல்லாவோ! வருசக்கணக்காச் சொன்னான். எனக்கு எவ்வளவு எரிஞ்சிருக்கும்?"

நான் அந்த வீட்டு நடுவில், வந்த சனமெல்லாம் பார்க்க, விக்கி விக்கி அழுதேன்.

அவருடைய கையுறையை அன்ரன் எடுத்துக்கொண்டார். மட்டையை ராணியக்கா கார்த்திக்குக்குக் கொடுத்தா. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டா. ஒன்றும் வேண்டாம் அக்கா என்றேன். தங்கச்சியைவிட நான் நல்லாப் போடுகிறேன் என்று கடல் கடந்து சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடம் மட்டும் மூச்சு விடாமல் போன மனுசன் அவர். அந்த ஒரு வசனத்தை நான் வைத்திருக்கிறேன். வசந்தியக்கா வந்து கேட்டாலும் திருப்பிக் கொடுக்கமாட்டேன்.