ஜன்னலுக்குக் கீழே வெட்சி

செடிக்காரர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். அடுத்தவர் தோட்டத்தில் தொட்டி சுமந்த ஆள் நாற்பது வயதுக்குள் சொந்தமாக நாற்றங்கால் போட்டார் என்றால் சும்மாவா? பெரிய படிப்புப் படித்தவர்கள் காரில் வந்து இறங்கி, அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதிலும் வெட்சி என்றால் அவரை அடிக்க ஆள் கிடையாது. முற்றியும் முற்றாத குச்சியாகப் பார்த்து வெட்டி, மழைக்காலத்தில் அவர் மணலில் ஊன்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு வேர் பிடிக்கும். எத்தனை ஆபீஸ் வாசலில், எத்தனை ஆஸ்பத்திரிச் சுவரோரம் அவர் வைத்த வேலி கொத்துக் கொத்தாகச் சிவந்து நிற்கிறது என்று அவருக்கே தெரியாது.

அத்தனைக்கும் மண் கலந்து பை நிரப்பியது அவர் மனைவி. முப்பது வருஷம் குத்துக்காலிட்டு உட்கார்ந்ததில் முதலில் முதுகு போயிற்று. பிறகு ஈரல் போயிற்று. புது வீட்டுக்குக் குடிவந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு வந்துதான் ஜன்னலோரக் கட்டிலில் கிடத்தினார்கள். ஆறு மாதம் தாண்டாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"ஊருக்கெல்லாம் வெட்சி வெச்சீங்க. நம்ம வீட்டுல ஒண்ணு இருக்கா?" என்றாள் ஒரு நாள்.

"ஒண்ணு என்ன, இருபது வைக்கிறேன். ரெண்டே மாசம். படுத்த இடத்துலேருந்தே பாப்ப."

பூத்து நிற்கிற செடிகளையே கொண்டுவந்து வைத்தால் என்ன என்று அவளுடைய தம்பி கேட்டான்.

"அது வாங்க வர்றவனுக்கு. உங்க அக்காவுக்கு மண்ணுல வேர்விட்டுப் பூக்கணும்" என்று மீசையைத் தடவினார் செடிக்காரர்.

இளங்கன்றுகளாகப் பொறுக்கி ஜன்னலுக்குக் கீழே வரிசையாக நட்டார். ஒரே மாதத்தில் இலைகள் வெளிறின. நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சள். மக்கிய சாணம் போட்டார். அடுப்புச் சாம்பலைக் கை கையாக அள்ளிப் போட்டார். இன்னும் மஞ்சளாயிற்று.

"மச்சான், கோச்சுக்காதீங்க. இது பசி இல்ல. அடியில சுண்ணாம்பு கிடக்கும்போல. ஒருதரம் தோண்டிப் பாத்துடலாமே" என்றான் தம்பி.

"ஏம்ப்பா மாப்ளே, நீ மூக்கு ஒழுகத் திரிஞ்ச காலத்துலயே நான் பதியம் போட்டவன். எனக்கே பாடமா? போய் உன் மிக்சி ரிப்பேரைப் பாரு!"

உள்ளே படுத்திருந்தவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். 

நாலாவது மாதம், அவள் மதியத்தில் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, கடப்பாரையை எடுத்தார். ஒரு முழம்கூட இறங்கவில்லை. காரைக்கட்டி, உடைந்த செங்கல், சிமெண்டுச் சல்லி. வீடு கட்டி முடித்த கழிவை அள்ளிப்போக மேஸ்திரி வண்டி கேட்டபோது, "வண்டி எதுக்கு? அந்தப் பள்ளத்துல தள்ளி மூடு" என்று சொன்னது வேறு யாருமில்லை. சுண்ணாம்பு வெட்சிக்கு ஆகாது. சாம்பலும் அதே வேலையைத்தான் செய்யும். வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பார்.

மூன்று நாள் தனியாளாக வாரிக் கொட்டிவிட்டுச் செம்மண் நிரப்பினார். ஆனால் புதுக் கன்று வேர்பிடித்துப் பூக்க நாள் எங்கே? அவளுக்கு அப்போது தண்ணீரே ஸ்பூனில்தான் இறங்கியது. நாற்றங்காலில் பூத்து நின்ற இருபது செடிகளைக் கொண்டுவந்து, பையோடு புதைத்து, விளிம்பு தெரியாமல் மண்ணை இழுத்து மூடினார்.

தலையணையை உயர்த்தி வைத்துக் காட்டினார். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்குங்க. பையைக் கிழிச்சீங்களா?"

 "இல்ல. இப்ப கிழிச்சா வேர் ஆடிப்போயி கொத்தெல்லாம் கொட்டிடும். நீ பாக்கணுமேன்னு..."

"நான்தான் பாத்துட்டேனே. அந்தப் பைக்குள்ள வேர் எப்படிச் சுருண்டு கிடக்கும்னு எனக்குத் தெரியாதா? கிழிச்சு நடுங்க."

"நாளைக்கு..."

"இப்பவே."

செடிக்காரர் வெளியே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு செடியாகத் தோண்டி எடுத்துப் பையைக் கீறினார். குலுங்கிய கொத்துகளிலிருந்து பூக்கள் முழங்கையில் உதிர்ந்தன. பதினொன்றாவது செடியை நட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவள் முகம் ஜன்னல் பக்கம்தான் இருந்தது. கண் மூடியிருந்தது. கூப்பிட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

இன்னும் ஒன்பது பை இருந்தது. குனிந்து அடுத்ததைக் கீறினார்.