மாறிப்போன கைரேகை

கோச்சடையில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். குழந்தைப்பேறு சிகிச்சை தரும் ஓர் ஆஸ்பத்திரியின் கோப்புகளை எங்கள் கிளவுட் சர்வரிலிருந்து அவர்களுடைய சர்வருக்கு நகலெடுத்து அனுப்புவது என் வேலை. பாஸ்வேர்டு கிடையாது, எஸ்எஸ்எச் சாவிதான். ரகசியச் சாவி எங்களிடம், அதற்குப் பொருந்தும் பூட்டு அவர்களிடம். அதுபோக, ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு கைரேகை உண்டு. போய்ச் சேர்ந்தது சரியான இடம்தானா என்று அதை வைத்துத்தான் கண்டுகொள்வோம்.

அந்தக் கோப்புகளில் என் அக்காவுடையதும் இருந்தது. மேலூரில் இருக்கும் மாமியாருக்குத் தெரியாமல் அவளும் மாமாவும் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து போனார்கள். குறை மாமாவிடம். அது அந்த வீட்டுக்குத் தெரிந்தால் மாமா உயிரோடு இருக்கமாட்டார் என்று அக்கா நம்பினாள். "நீ பாத்துக்குற எடந்தானடா" என்று சொல்லித்தான் அங்கே சேர்ந்தாள்.

ஒரு முற்பகலில் இணைக்கப் போனபோது திரையில் எச்சரிக்கை வந்தது. எதிர் சர்வரின் கைரேகை மாறியிருக்கிறது, நடுவில் யாரோ அந்தச் சர்வர்போல வேஷம் போட்டு நிற்கலாம்.

சர்வரைப் புதிதாக நிறுவினாலும் கைரேகை மாறும்தான். வாடிக்கையாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நிறுவுவார்கள். அதனால் பழைய கைரேகையை அழித்துவிட்டு 'யெஸ்' தட்டுவது எங்கள் அலுவலகத்தில் வழக்கமாகிவிட்டது. நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் எங்கள் முதலாளி பழக்கியது அது.

"எதுக்கு மாப்ள இம்புட்டு யோசன? புது சர்வர் போட்ருப்பாய்ங்க" என்றார்.

"ஒரு போன் போட்டுக் கேட்டுருவோம்ணே."

"இதுக்கெல்லாமா போனு? தள்ளு."

அவரே குனிந்து தட்டினார். மறுமுனை எங்கள் சாவியை மறுக்கவேயில்லை; போலி சர்வர் என்றால் எந்தச் சாவியையும் ஏற்றுக்கொள்ளும். கோப்புகள் சரசரவென்று போயின. ஆழம் தெரியாமல் காலை விடுகிறாரே என்று ஆத்திரமாக வந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மாடிப்படிக்கு வந்து ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்ப்பவரை அழைத்தேன்.

"நாங்க எதையும் மாத்தலையேண்ணே. இன்னைக்கு உங்க பைல் காப்பிகூட இன்னும் வரலையே?"

ஓடிப்போய் இணைப்பைத் துண்டித்தேன். எல்லாம் போய் முடிந்திருந்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதன்பிறகு போன் அடித்தால் யாருடைய நம்பர் என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். ஒன்றும் நடக்காமலே நாட்கள் போயின, அது இன்னும் மோசமாக இருந்தது. பிறகு அக்கா அழைத்தாள்.

"தம்பி, ஆஸ்பத்திரியிலருந்துன்னு ஒருத்தன் பேசுறான். மாமாவோட ரிப்போர்ட்ட எங்க மாமியா நம்பருக்கு அனுப்பவான்னு கேக்குறான். நீ சொல்லித்தான் கேக்குறானா?"