பூட்டிய அறைக்குள் வந்த சூரியன்

தாம்பாளத்தில் மைதா மாவைப் பரப்பி, அதன்மேல் சலித்த கரிசல் மண்ணை மெல்லிசாகத் தூவி, மதினி தன் மகள் கையில் ஒரு கோலிக்குண்டைக் கொடுத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. என் அண்ணன் மகளுக்கு அப்போது ஆறு வயது. நாற்காலியில் ஏறி நின்று குண்டைப் போட்டாள். கறுப்பு மண் பிளந்து, அடியிலிருந்த வெள்ளை மாவு கீற்றுக் கீற்றாகத் தெறித்தது. "நிலாவுல தெரியுத குழியெல்லாம் இப்படி வந்ததுதான். கல்லு வந்து மோதியிருக்கு" என்றாள் மதினி. சிறுமி தாயின் கன்னத்தில் கன்றியிருந்த இடத்தைத் தொட்டாள். "நிலா என்னம்மா தப்பு செஞ்சுச்சு?"

"ஒண்ணும் செய்யல."

மதினி இயற்பியல் படித்தவள். வேலைக்குப் போகக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டதால், படித்ததையெல்லாம் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். பூசணிக்காய் சூரியனாகும், உளுந்து பூமியாகும். டார்ச் வெளிச்சத்தில் சாத்துக்குடியைச் சுற்றிக் காட்டி வளர்பிறை, தேய்பிறை சொல்லுவாள். அண்ணனுக்கு விளாத்திகுளத்தில் வத்தல் வியாபாரம். அவன் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதும் சாத்துக்குடி கூடைக்குள் போய்விடும். குழம்பு ஆறியிருந்தால் அடி. போனை எடுக்கத் தாமதமானால் அடி. தடுக்கப் போனால், கூடவே இருந்த தங்கை எனக்கும் விழும்.

மதினி இரண்டாவது முறை உண்டாகி ஐந்து மாதம் ஆனபோது சூரிய கிரகணம் வந்தது. "ஒரு பொட்டு வெயில் மேல பட்டாலும் பிள்ளைக்கு உதடு பிளந்துரும். கதவுப் பக்கம் வந்தே, கால ஒடிச்சிருவேன்" என்று சொல்லி, எங்கள் மூவரையும் கிழக்கு அறைக்குள் தள்ளி, வெளியே பூட்டிவிட்டு அண்ணன் கடைக்குப் போனான். சன்னலில் அட்டையையும் அவனே அடித்திருந்தான்.

அறை கும்மிருட்டு. மதினி சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அட்டையில் ஒரு துளை போட்டாள். கொடியில் கிடந்த அண்ணனின் வெள்ளை வேட்டியைத் தரையில் விரிக்கச் சொன்னாள். அதன்மேல் காசளவுக்கு ஒரு வெளிச்சம் விழுந்தது. வட்டமாக அல்ல, ஒரு பக்கம் கடித்த அப்பளம்போல. "அதான் சூரியன். நிலா குறுக்க வருது" என்றாள். பார்க்கப் பார்க்க அது அரிவாளாக மெலிந்தது. மகள் வேட்டியோரம் குப்புறப் படுத்துக்கொண்டு மூச்சுவிடாமல் பார்த்தாள்.

அண்ணன் பாதியில் திரும்பி வருவான் என்று நாங்கள் நினைக்கவில்லை. கதவு திறந்ததும் வேட்டியைப் பார்த்தான், அட்டையிலிருந்த துளையைப் பார்த்தான். "கிரகணத்த வீட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டியாடி?" திறந்த பூட்டு அவன் கையில்தான் இருந்தது. அதாலேயே அவள் நெற்றியில் அடித்தான். மதினி வயிற்றைக் கைகளால் மூடிக்கொண்டு சுருண்டாள். முதுகில் மிதித்தான். முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். நான் அவன் கையைக் கடித்தேன். உதறிய வேகத்தில் என் முன்பல் உடைந்தது. சிறுமி வாசலுக்கு ஓடி, "எங்கம்மாவக் கொல்லுதாரு! யாராவது வாங்களேன்!" என்று கத்தினாள். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. கிரகண நேரத்தில் யார் வெளியே வருவார்கள்?

தண்ணீர் நிறைந்த பித்தளைக் குடம் மூலையில் இருந்தது. தூக்கி அவன் தோளில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் விழுந்து அலறினான். மதினியை நானும் மகளும் தாங்கி வெளியே கொண்டு வந்தோம்.

ஆட்டோ கிடையாது. வெயில் சாம்பல் பூத்ததுபோல் மங்கிக் கிடந்தது. பெரியாஸ்பத்திரி போகும் சாலையில் வேப்பமரங்களின் அடியில் நடந்தபோது சிறுமி சட்டென்று நின்றாள். "யம்மா, ரோடெல்லாம் சூரியன்!" இலையிடுக்குகள் வழியே நூற்றுக்கணக்கான குட்டிப் பிறைகள் தரையில் சிதறிக் கிடந்தன. மதினியின் சேலையிலும், ரத்தம் வழிந்த கையிலும், வயிற்றிலும். மதினி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். "இலை இடுக்கும் துளைதான் தாயி" என்றாள். உடைந்த உதட்டோடு அதைச் சொல்லி முடித்தாள்.

நெற்றியில் தையல் போட்ட டாக்டரிடம் மதினி எதையும் மறைக்கவில்லை. புகார் வேண்டாம் என்று சொந்தபந்தம் வந்து நின்றது. "குடும்ப மானம் போவுதும்மா" என்றார்கள். "எம்மண்டை போவப் பாத்துச்சு, அப்ப எங்கன இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். சித்திரையில் பையன் பிறந்தான். உதட்டில் ஒரு கீறலும் இல்லை.

இப்போது கோவில்பட்டியில் வாடகை வீட்டில் நால்வரும் இருக்கிறோம். மதினி தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமை தெருப் பிள்ளைகள் வீட்டு முற்றத்தில் கூடிவிடுவார்கள். போன வாரம் தரையில் குச்சி நட்டு, நிழல் நகர்வதைக் கரிக்கட்டியால் குறித்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். இடது தோள் தாழ்ந்திருந்தது. பையனையே பார்த்தான்.

"யாரும்மா அவிய?" என்றான் பையன்.

"ஒங்கப்பா" என்றாள் மதினி.

பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் கேட்டின் கம்பியைப் பிடித்து, "எம்புள்ளகூட ஒரு வார்த்தை பேசணும். தொறடி" என்றான். மதினி எழுந்து போனாள். கேட்டுக்கு இந்தப் பக்கம், அவன் கை எட்டும் தூரத்தில் நின்றாள்.

"பிள்ளைய பாக்கணும்னா கோர்ட்டுல கேளு. இங்கன பாடம் நடக்குது" என்றாள்.

அவன் கம்பியைப் பிடித்துக் குலுக்கினான். கேட் அதிர்ந்தது. மதினி ஓர் அடிகூடப் பின்னால் வைக்கவில்லை.