மூன்று விரல்களின் பிடி

வேடசந்தூரில் ஒரு மில்லில் ரோசியும் நானும் ஒன்றாக வேலை பார்த்தோம். ஒருநாள் மெஷினுக்குள் அவள் கை இருந்ததைக் கவனிக்காமல் நான்தான் அதைப் போட்டேன். அவளுக்கு இரண்டு விரல்கள் போயின.

"ஓடுற மெஷின்ல அவளாத்தான் கைய விட்டா" என்று சூப்பர்வைசரிடம் பொய் சொன்னேன். அவள் வேலையும் போனது.

பாவத்தோடு திருவிருந்து அப்பத்தை வாங்கினால் ஆக்கினைத்தீர்ப்பு, கடவுளின் தண்டனை, என்பார்கள். அதற்குப் பயந்து, சர்ச்சில் எல்லோரும் அதை வாங்க எழுந்து போகும்போது நான் மட்டும் பெஞ்சில் குனிந்திருப்பேன். எனக்கு நரகம்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

ஒரு ஞாயிறு, அதே சர்ச்சுக்கு வரும் ரோசி என் பெஞ்சருகே வந்தாள்.

"எந்திரிடி, போவோம்."

"ரோசி, அன்னைக்கு நான்தான்..."

"அன்னைக்கே தெரியும்டி. தகுதி பாத்தா இங்க ஒருத்தரும் எந்திரிக்க முடியாது. வா."

மீதமிருந்த மூன்று விரல்களால் என் கையைப் பிடித்தாள். உருவப் பார்த்தேன், அவள் விடவில்லை. அவளோடு போய் அப்பம் வாங்கினேன்.

மறுநாளே சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொன்னேன். ஆனாலும் அப்பத்துக்குக் கை நீட்டும்போதெல்லாம் என் ஐந்து விரல்களையும் இன்னும் எண்ணிப் பார்க்கிறேன்.